குமரியில் எந்தச் சபையில் சேருவது? கடிதம், ஞானஸ்நானம், கல்லறை: சேருமுன் கேட்க வேண்டியவை

புதுக்குடித்தனம்:
சென்னையிலிருந்து நாகர்கோவில் வெட்டூர்ணிமடம் பக்கம் வாடகைக்கு வரும் ஒரு குடும்பத்துக்காகக் கேட்கிறேன். கணவர் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), மனைவி இலத்தீன் கத்தோலிக்கர். கல்யாணம் சிஎஸ்ஐ ஆலயத்தில். மூத்த பையனுக்குச் சிஎஸ்ஐயில் ஞானஸ்நானம் ஆகிவிட்டது, சின்னவளுக்கு இன்னும் எதுவும் ஆகவில்லை. கணவரின் அம்மாவும் கூட இருக்கிறார், வயது 74. சிஎஸ்ஐ, கத்தோலிக்கப் பங்கு, இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே என்று சுற்றிலும் எல்லாம் உண்டு.

"எது நல்ல சபை" என்ற பட்டியல் வேண்டாம். சேருமுன் என்ன கேட்க வேண்டும், எந்த வரிசையில், எதைப் பிறகு திருத்தவே முடியாது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பழையாறு:
முதலில் வரைபடம். வெளியூர்க்காரர்கள் குழம்புவது இங்கேதான்.

சிஎஸ்ஐ இங்கே இலண்டன் மிஷன் வழி வந்தது. 1806ல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததில் தொடங்கும் கதை. 1947ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்த மிஷன் சபைகள் அதற்குள் போயின, 1959லிருந்து கன்னியாகுமரிப் பேராயம் தனி. திருநெல்வேலி ஆங்கிலிக்கன் வழி, நம்முடையது சுயாட்சிச் சபை வழி. அதனால் ஆராதனையில் சடங்கு கொஞ்சம் குறைவு, சபைக் குழுவின் குரல் கொஞ்சம் கூடுதல்.

கத்தோலிக்கம் இங்கே ஒன்றல்ல, மூன்று முறை. இலத்தீன் முறைக்குக் கோட்டாறு மறைமாவட்டம் (1930), அதிலிருந்து 2014ல் பிரிந்த குழித்துறை மறைமாவட்டம். சீரோ மலங்கரைக்கு மார்த்தாண்டம், சீரோ மலபாருக்குத் தக்கலை, இரண்டும் 1996ல் வந்தவை. மூன்றுக்கும் தலைவர் போப்பாண்டவர்தான், ஆனால் வழிபாடும் நிர்வாகமும் வேறு வேறு. தக்கலையில் "கத்தோலிக்கக் கோயில் எங்கே" என்று கேட்டால், எந்த முறை என்று திருப்பிக் கேட்பார்கள்.

இவற்றுக்கு அப்புறம் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை (நாகர்கோவிலில் கன்கார்டியா இறையியல் கல்லூரி இவர்களுடையது), இரட்சணிய சேனை (கேத்தரின் பூத் மருத்துவமனை நடத்துபவர்கள்), சகோதரர் சபைகள், பெந்தெகொஸ்தேயில் பெரிய அமைப்புகள், கடைசியாக ஒரே போதகரின் தனிச் சபைகள்.

சொல் விஷயத்திலும் ஒரு பொறி உண்டு. கத்தோலிக்கரிடம் ஆயர் என்றால் மறைமாவட்டத் தலைவர், பேராயர் அவருக்கும் மேல். சிஎஸ்ஐயில் ஆயர் உங்கள் தெருவுக்கு வரும் போதகர், பேராயர்தான் பேராயத் தலைவர். "ஆயரிடம் கடிதம் வாங்கி வாருங்கள்" என்று யார் சொன்னாலும், சொன்னவர் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அவர்கள் திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருப்பலி என்பார்கள். இவர்கள் ஞானஸ்நானம், திடப்படுத்தல், ஆராதனை என்பார்கள். கத்தோலிக்கரிடம் 73 நூல்கள் கொண்ட திருவிவிலியம், மற்றவர்களிடம் 66 நூல்கள் கொண்ட பழைய மொழிபெயர்ப்பு. பையனை மனப்பாடப் போட்டிக்கு அனுப்பும்போது இந்த வித்தியாசம் தெரியவரும்.

கணக்குப்பிள்ளை:
என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைக் கேட்டு முடிவு எடுக்காதீர்கள். சிஎஸ்ஐயிலும் கத்தோலிக்கத்திலும் இன்று இருப்பவர் சில வருடத்தில் மாறுதலாகிப் போவார். மாறாதவை மூன்று: ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாண ஓலை (கல்யாணத்துக்கு முன் ஆலயத்தில் வாசிக்கும் அறிவிப்பு), கல்லறை. இந்த மூன்றையும் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள்.

சிஎஸ்ஐக்கு நடைமுறை இது.

சென்னைச் சபையில் சந்தா பாக்கியைத் தீர்த்து ரசீது வாங்குங்கள். பிறகு மாற்றுக் கடிதம். அதில் இருக்க வேண்டியவை: குடும்பத்தில் ஒவ்வொருவரின் முழுப்பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதியும் பதிவேட்டு எண்ணும், திடப்படுத்தல் பெற்றவர்களுக்கு அந்தத் தேதி, கல்யாணத் தேதி, சந்தா எந்த மாதம் வரை கட்டியாயிற்று என்பது. போதகர் கையெழுத்து, சபை முத்திரை. "இவர் எங்கள் சபையைச் சேர்ந்த நல்ல விசுவாசி" என்று இரண்டு வரி மட்டும் எழுதிய கடிதம் எதற்கும் ஆகாது. அது நன்னடத்தைச் சான்று, மாற்றுக் கடிதம் அல்ல. அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். கேட்கிறவர் "ஒரு கடிதம் வேண்டும்" என்கிறார், கொடுக்கிறவரும் ஒரு கடிதம் கொடுத்துவிடுகிறார்.

இங்கே போதகரிடம் கொடுத்தால் சபைக் குழுவில் வைப்பார்கள். குழு மாதம் ஒருமுறை கூடினால் ஒன்றிரண்டு மாதம் போகும். தீர்மானம் ஆன பிறகு குடும்பப் பதிவேட்டில் எண் விழும், சந்தா அட்டை வரும். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் வரும் இடங்கள்:

பெயர். நம்ம ஊரில் ஜாண் என்று எழுதுவார்கள், சென்னையில் ஜான். பதிவேட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று. 20 வருடம் கழித்து பையனுக்கு ஓலை வாசிக்கும்போது இது எழும்பி வரும். கடிதம் வாங்கும் அன்றே எழுத்துக் கூட்டிப் பாருங்கள்.

இரட்டை உறுப்பினர். சொந்த ஊர்ச் சபையில் அப்பா பெயரில் குடும்ப எண் ஓடிக்கொண்டே இருக்கும், இங்கேயும் ஒன்று எடுப்பார்கள். இரண்டு சபையிலும் வாக்குரிமை கேட்க முடியாது. தேர்தல் சமயத்தில் யாராவது ஒருவர் ஆட்சேபம் எழுதிக் கொடுப்பார். அந்த யாராவது ஒருவர் எல்லாச் சபையிலும் உண்டு.

சந்தா. குடும்பத்துக்கு ஒன்றா, சம்பாதிக்கிற ஆளுக்கு ஒன்றா என்று கேளுங்கள். ஆலயக் கட்டிட நிதி, அறுப்பின் பண்டிகைக் காணிக்கை இதற்குள் வருமா, தனியா என்றும் கேளுங்கள். மாதம் 200 ரூபாய் என்று வைத்தாலும் மூன்று வருடம் கட்டாமல் விட்டால் 7,200 ஆகிறது. அதைக் கேட்பது பெரும்பாலும் கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னால், மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகு. மாதாமாதம் கட்டி அட்டையில் கையெழுத்து வாங்குவதே சுகம்.

வேளிமலை:
கத்தோலிக்கப் பக்கம் நடைமுறை வேறு. இங்கே பங்கை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் தெருதான் பங்கைத் தேர்ந்தெடுக்கிறது. திருச்சபைச் சட்டப்படி ஓரிடத்தில் மூன்று மாதம் குடியிருந்தாலே அந்தப் பங்கின் பொறுப்புக்குள் வந்துவிடுவீர்கள். பாட்டு நன்றாக இருக்கிறது என்று வேறு பங்குக்குத் திருப்பலிக்குப் போகலாம், யாரும் தடுப்பதில்லை. ஆனால் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் என்று வரும்போது சொந்தப் பங்கின் அனுமதிக் கடிதம் கேட்பார்கள்.

முதலில் போக வேண்டியது அன்பியத்துக்கு. சுமார் 30 வீடு சேர்ந்த ஒரு குழு. முறை வைத்து வீட்டுக்கு வீடு கூடுவார்கள். அன்பியப் பொறுப்பாளர் உங்கள் வீட்டை எழுதிக் கொடுத்தால்தான் பங்கு அலுவலகத்தில் குடும்ப அட்டை சுலபமாக வரும். இதை விட்டுவிட்டு நேரே பங்குப்பணியாளரிடம் போனால், அவரும் "எந்த அன்பியம்?" என்றுதான் கேட்பார்.

இந்தக் குடும்பத்துக்கு முக்கியமானது இனித்தான் வருகிறது. கல்யாணம் சிஎஸ்ஐ ஆலயத்தில் நடந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் மனைவியின் மறைமாவட்ட ஆயரிடம் கலப்புத் திருமண அனுமதியும், கத்தோலிக்கத் திருமண முறையிலிருந்து விலக்கும் வாங்கினார்களா? வாங்கியிருந்தால் சிக்கல் இல்லை. வாங்கவில்லை என்றால் அரசாங்கத்துக்கு அது முழுக் கல்யாணம், கத்தோலிக்கத் திருச்சபைக்கு அல்ல. மனைவி நற்கருணை (திருப்பலியில் தரும் அப்பம்) வாங்க முடியாத நிலையில் இருக்கிறார். இது தெரியாமலே பலர் வருடக்கணக்காக வாங்கிக்கொண்டிருப்பார்கள், பிள்ளையின் புதுநன்மைக்கு (முதல் நற்கருணை) பெற்றோர் திருமணச் சான்று கேட்கும்போதுதான் வெளிவரும்.

தீர்வு உண்டு. பங்குப்பணியாளர் முன், இரு சாட்சிகளோடு, சிறிய அளவில் சம்மதத்தைப் புதுப்பிக்கலாம். கணவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால், சம்மதத்தைப் புதுப்பிக்காமலே திருமணத்தைச் செல்லுபடியாக்கும் அதிகாரமும் ஆயருக்கு இருக்கிறது. அதற்கு மனைவியின் திருமுழுக்குச் சான்று (கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்தது), கணவரின் ஞானஸ்நானச் சான்று, சிஎஸ்ஐ திருமணச் சான்று மூன்றும் வேண்டும்.

கணவர் கத்தோலிக்கராக வேண்டிய கட்டாயம் கிடையாது. வந்தாலும் மறுபடி திருமுழுக்குக் கொடுக்க மாட்டார்கள். தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் தண்ணீரில் கொடுத்த சிஎஸ்ஐ ஞானஸ்நானம் செல்லும். விசுவாச அறிக்கையும் உறுதிபூசுதலும் போதும். வராமலே திருப்பலிக்கு மட்டும் வந்தால் நற்கருணை வரிசையில் நிற்க முடியாது.

சின்னவள் விஷயம்: கத்தோலிக்கத் திருமுழுக்கு என்றால் ஞானப்பெற்றோரில் ஒருவராவது உறுதிபூசுதல் பெற்ற, 16 வயது நிறைந்த கத்தோலிக்கராக இருக்க வேண்டும். சிஎஸ்ஐ மாமா ஞானத்தந்தை ஆக முடியாது, ஆனால் கத்தோலிக்க ஞானத்தாயோடு சேர்ந்து கிறிஸ்தவச் சாட்சியாக நிற்கலாம். இதை முன்கூட்டியே மாமாவிடம் சொல்லி வையுங்கள். கோயில் வாசலில் வைத்துச் சொன்னால் அன்றைய சாப்பாடு ருசிக்காது.

புதுக்குடித்தனம்:
அனுமதி வாங்கினார்களா என்று விசாரிக்க வேண்டும். தெரிந்தவரை வாங்கவில்லை. பாட்டிக்குப் பக்கத்துப் பெந்தெகொஸ்தே சபை பிடித்திருக்கிறது: நடந்து போகலாம், வீட்டுக்கு வந்து ஜெபிக்கிறார்கள். சின்னவளுக்கு இரட்சணிய சேனையில் பிரதிஷ்டை செய்துகொண்டு, பிறகு பெரியவளானதும் அவளே முடிவெடுக்கட்டும் என்றும் ஒரு யோசனை.

ரப்பர்த்தோட்டம்:
கடைசியில சொன்னதுக்கு முதல்ல பதில். இரட்சணிய சேனையில தண்ணி ஞானஸ்நானமே கிடையாது, இராப்போஜனமும் கிடையாது. பிள்ளையைப் பிரதிஷ்டை பண்ணுவாங்க, பெரியவங்க உடன்படிக்கையில கையெழுத்துப் போட்டு சேனை வீரர் ஆவாங்க. நல்ல ஆளுங்க, ஒழுங்கு உண்டு, குடிக்கக் கூடாது, பொகைக்கக் கூடாது. ஆனா அந்தச் சீட்டை வேற சபையில ஞானஸ்நானச் சான்றா காட்ட முடியாது கேட்டியளா. பெந்தெகொஸ்தேயில பண்ணுற குழந்தைப் பிரதிஷ்டையும் அப்படித்தான். பாக்கதுக்கு ஒண்ணுபோல இருக்கும்: போதகர் பிள்ளையைக் கையில வாங்குவார், ஜெபிப்பார், சான்றிதழ் கொடுப்பார். அதுல "பிரதிஷ்டை"ன்னு இருக்கா "ஞானஸ்நானம்"னு இருக்கான்னு வாசிச்சுப் பாத்துக்கிடுங்க.

இனி பெந்தெகொஸ்தே. எல்லாத்தையும் ஒரே கூடையில போடாதீங்க. அசெம்பிளிஸ் ஆஃப் காட், இந்திய பெந்தெகொஸ்தே சபை மாதிரி அமைப்புகளுக்கு மேல நிர்வாகம் உண்டு, போதகர் மேல புகார் சொல்ல ஒரு இடம் உண்டு. இலங்கையில தொடங்கின பெந்தெகொஸ்தே மிஷன்ல ஊழியக்காரங்க கல்யாணம் முடிக்காம, விசுவாச வீட்டுல சேந்து இருப்பாங்க. வெள்ளை உடுப்பு, நகை கிடையாது, வைத்தியத்துக்குப் பதிலா தெய்வீக சுகத்தை நம்புறதைப் பெருசா சொல்லுவாங்க. 74 வயசுப் பாட்டி பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்களா இருந்தா இதைக் கேட்டுக்கிடணும். மூணாவது ரகம் தனிச் சபை. போதகர், அவர் வீட்டம்மா, மகன். அங்கதான் ரொம்ப விசாரிக்கணும்.

என்ன விசாரிக்க?

எடம் யாரு பேருல? சபைப் பேருலயா, போதகர் பேருலயா? டிரஸ்டுன்னு சொன்னா டிரஸ்ட் பத்திரத்துல அறங்காவலர் யாரெல்லாம்னு கேளுங்க. அஞ்சு பேரும் ஒரே வீட்டுக்காரங்கன்னா அது குடும்பச் சொத்துதான். 1975ஆம் வருஷத்து சங்கச் சட்டத்துல பதிஞ்சதுன்னா வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி கணக்கு தாக்கல் பண்ணணும். கடைசி வருஷக் கணக்கு காட்டச் சொல்லுங்க.

கட்டிட அனுமதி வீட்டுக்கு வாங்கினதா, வழிபாட்டுக்கு வாங்கினதா? வழிபாட்டு எடத்துக்குக் கலெக்டர் அனுமதி வேணும். 1982 மண்டைக்காடு கலவரத்துக்கு அப்புறம் நம்ம மாவட்டத்துல இதுல அதிகாரிங்க ரொம்ப உஷார். வீட்டு அனுமதியில ஓடுற ஜெபக்கூடத்துல யாராவது ஒருத்தர் மனு கொடுத்தா ஞாயித்துக்கிழமை பூட்டு தொங்கும். விசுவாசம் பெருசா இருந்து என்ன, சாவி தாசில்தார் கையில.

தசமபாகம் (வருமானத்துல பத்துல ஒண்ணு) கட்டாயமா? சம்பளத்துல பிடித்தம் போனதுக்கு முந்தியா பிந்தியா? சிரிக்காதீங்க. 40,000 சம்பளக்காரருக்கு கைக்கு 34,000 வந்தா, மாசம் 4,000மா 3,400ஆன்னு ஒரு கேள்வி உண்டு. வருஷத்துக்கு 7,200 வித்தியாசம். ரசீது கிடைக்குமான்னும் கேளுங்க.

முழுக்கு. பாட்டி முழு உறுப்பினர் ஆகணும்னா முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கச் சொல்லுவாங்க, எடுக்காட்டா அப்பம் பிட்குற ஆராதனையில பங்கு கிடைக்காது. எடுத்தா சிஎஸ்ஐயில என்ன ஆகும்னு கணக்குப்பிள்ளை அண்ணன் சொல்லட்டும்.

கணக்குப்பிள்ளை:
சிஎஸ்ஐ மறு ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. சிறுவயதில் பெற்ற ஞானஸ்நானம் ஒருமுறைதான் என்பது அதன் நிலை. பாட்டி பெந்தெகொஸ்தே கூட்டத்துக்குப் போவதால் சிஎஸ்ஐ உறுப்பினர் உரிமை போகாது. முழுக்கு எடுத்தால் போகலாம்; திரும்பி வரும்போது போதகரிடம் எழுத்து மூலம் தெரிவித்து, குழு முடிவெடுத்த பிறகே திருவிருந்தில் சேர்ப்பார்கள். 74 வயதில் இது கல்லறைக் கேள்வி. மகன் சிஎஸ்ஐ உறுப்பினராக இருக்கலாம், ஆனால் அடக்க ஆராதனை அம்மாவின் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

தாமிரபரணிக்கரை:
எல்லோரும் ரேஷன் கார்டு மாற்றுவது போலப் பேசுகிறீர்களே! கல்லறை எங்கே, ரசீது எங்கே, முத்திரை எங்கே. சபை என்பது கிறிஸ்துவின் சரீரம். அங்கே என்ன பிரசங்கிக்கப்படுகிறது என்பது முதல் கேள்வி இல்லையா? நல்ல கல்லறை இருக்கிறது என்று தவறான உபதேசத்தின் கீழ் 30 வருடம் உட்கார முடியுமா?

என் யோசனை: எட்டு வாரம் கொடுங்கள். ஒரு ஞாயிறு போனால் ஆசனம் தெரியும், எட்டு ஞாயிறு போனால்தான் சபை தெரியும். அதில் ஒன்று திருவிருந்து ஞாயிறாக இருக்கட்டும், பல சிஎஸ்ஐ சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு. ஒருநாள் வாரநாள் ஜெபக்கூட்டம், ஒருநாள் ஓய்வுநாள் பள்ளி. முடிந்தால் ஒரு துக்க வீடு. சபையின் உண்மையான முகம் துக்க வீட்டில்தான் தெரியும்: ஏழை வீட்டுச் சாவுக்கு யார் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பிரசங்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: வேதபாகம் வாசித்து அதையே விளக்குகிறாரா, அல்லது ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு தன் கதையைச் சொல்கிறாரா? எட்டு வாரத்தில் சிலுவை, மனந்திரும்புதல், ஏழைகள் பற்றி எத்தனை முறை? காணிக்கை, ஆசீர்வாதம், சத்துரு பற்றி எத்தனை முறை? ஒரு நோட்டில் கோடு போட்டாலே படம் வந்துவிடும்.

உடனே வெளியே வர வேண்டிய அடையாளங்களும் உண்டு. மாத்திரையை நிறுத்தச் சொல்வது. "உன் குடும்பத்தாரோடு ஐக்கியம் வேண்டாம்" என்பது. ஜெபிக்கக் கேட்ட இரகசியத்தை மேடையில் தீர்க்கதரிசனமாகச் சொல்வது. கேள்வி கேட்டால் "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று வாயை அடைப்பது. இது எந்தப் பலகைக்குக் கீழும் நடக்கலாம், பழைய சபைகளும் விதிவிலக்கல்ல.

பழையாறு:
நோட்டில் கோடு போடும் யோசனை நன்று. ஆனால் கணக்குப்பிள்ளை சொன்னதற்கும் இதற்கும் சண்டை இல்லை. உபதேசம் பிடிக்காவிட்டால் அடுத்த வாரமே வேறு சபைக்குப் போகலாம். பதிவேட்டில் விழுந்த தவறைத் திருத்த வருடங்கள் ஆகும். கேட்டவர் கேட்டதே "எதைத் திருத்த முடியாது" என்பதுதான்.

லுத்தரன் பற்றி ஒரு வரி: குழந்தை ஞானஸ்நானம், திடப்படுத்தல் எல்லாம் சிஎஸ்ஐக்குக் கிட்டத்தட்ட வரும், ஆனால் அவர்களுடைய மரபில் நற்கருணை வெளியாருக்குத் திறந்ததல்ல. விருந்தினராகப் போகும் அன்று வரிசையில் நிற்குமுன் போதகரிடம் பேசிவிடுங்கள். ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் என்றால் ஆராதனை சனிக்கிழமை, பையனின் சனிக்கிழமை வகுப்பும் தேர்வும் இடிக்கும்.

முட்டம் கடற்கரை:
கடலோரத்துல வீடு பாக்கிறவங்களுக்கு மட்டும் ஒண்ணு சொல்லுறேன். எங்க பக்கம் பங்கும் ஊரும் ஒண்ணுதான். ஊர்க் கமிட்டிதான் கோயில் கமிட்டி. மீன்பாட்டுல (பிடிச்ச மீன்ல) கோயிலுக்கு ஒரு பகுதி போகும், திருவிழா வரி தலைக்கட்டு எண்ணி வரும், பத்து நாள் திருவிழாவுல ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கூட்டம் எடுத்து நடத்தும். கரைத்தொழில் இல்லாதவங்களுக்குத் தலைக்கட்டு எப்படி எண்ணுவாங்கன்னு வீடு பேசும்போதே கேளுங்க. வேற சபைக்காரங்க குடிவந்தா யாரும் வேண்டாம்னு சொல்லமாட்டாங்க, ஆனா நடந்து போற தூரத்துல அவங்க ஆலயம் இருக்காது.

புதுக்குடித்தனம்:
கல்லறை என்று எல்லோரும் சொல்கிறீர்கள். அதில் குறிப்பாக என்ன கேட்பது?

கணக்குப்பிள்ளை:
இந்த இழையில் மிக அவசியமான கேள்வி, யாரும் உயிரோடு இருக்கும்போது கேட்காத கேள்வி.

முதலாவது: சபைக்குச் சொந்தக் கல்லறைத் தோட்டம் உண்டா, வேறு சபையோடு பொதுவா, இல்லவே இல்லையா? தனிச் சபைகளில் பெரும்பாலும் இல்லை. "அந்த நேரத்தில் கர்த்தர் வழி காட்டுவார்" என்று பதில் வந்தால், இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: புதிதாகச் சேர்ந்தவருக்கு இடம் உண்டா? சில இடங்களில் சேர்ந்து இத்தனை வருடம் ஆகியிருக்க வேண்டும் என்ற உள்விதி வைத்திருப்பார்கள். வாடகைக்குக் குடியிருப்பவருக்கு இடம் கிடையாது, சொந்த ஊருக்குக் கொண்டு போங்கள் என்பதும் உண்டு. எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மூன்றாவது: குடும்பக் கல்லறையா, பொதுக் குழியா? பொதுக் குழி என்றால் எத்தனை வருடம் கழித்து மறுபடி தோண்டுவார்கள்? மேலே சிமெண்ட் கட்டலாமா? பலர் அடக்கம் முடிந்த மறுமாதம் கிரானைட் போட்டுவிட்டு, பிறகு எடுக்கச் சொன்னதும் வழக்குக்குப் போவார்கள். கட்ட அனுமதித்தால் அதற்குத் தனிக் கட்டணம். அடுத்து அதே கல்லறையைத் திறக்கவும் கட்டணம்.

நான்காவது: கணவன் ஒரு சபை, மனைவி ஒரு சபை என்றால் ஒரே கல்லறையில் வைப்பார்களா? இந்தக் குடும்பத்துக்கு இது நேரடிக் கேள்வி. இரண்டு அலுவலகத்திலும் கேளுங்கள்.

நம் மாவட்டத்தில் வீட்டு வளாகத்திலேயே அடக்கம் செய்யும் வழக்கம் நிறைய. சொந்தப் பட்டா நிலம் என்பதால் மட்டும் அது சரியாகிவிடாது. கிராம ஊராட்சிகளுக்கு 1999 விதிகள் இருக்கின்றன, குடியிருப்புக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடைவெளி விட வேண்டும், உள்ளாட்சி அனுமதி வேண்டும். நான்கு சென்டில் வீடும் கிணறும் இருக்கும் இடத்தில் இது நடக்காது. நிலத்தை விற்கும்போது விலை விழுவது வேறு கதை.

சபை அடக்கப் பதிவேட்டில் எழுதினால் போதும் என்று நினைத்து அரசுப் பதிவை விட்டுவிடுவதும் உண்டு. இறப்பை 21 நாளுக்குள் உள்ளாட்சியில் பதிய வேண்டும். அதேபோல் கல்யாணம்: 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளரிடம், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை. சபைச் சான்று அதற்கு ஆதாரம் மட்டுமே. தனிச் சபையில் கல்யாணம் என்றால், அண்மையில் அதே போதகர் நடத்திய கல்யாணத்தைச் சார்பதிவாளர் பதிந்தாரா என்று அந்தக் குடும்பத்தையே கேளுங்கள்.

வேளிமலை:
கல்லறை பார்க்க நல்ல நாள் நவம்பர் 2. கத்தோலிக்கக் கல்லறைத் திருநாள். தோட்டம் சுத்தமாக இருக்கும், எல்லாக் குடும்பமும் வரும், எவ்வளவு இடம் மீதி என்று கண்ணாலேயே பார்க்கலாம். கேட்டால் யாரும் தப்பாகவும் நினைக்க மாட்டார்கள்.

மலங்கரை, மலபார் பற்றியும் சேர்த்துக்கொள்கிறேன். இலத்தீன் கத்தோலிக்கர் அங்கே போய் நற்கருணை வாங்கலாம், ஞாயிற்றுக் கடமையும் தீரும். ஆனால் எத்தனை வருடம் போனாலும் முறை தானாக மாறாது. மாற்ற வேண்டுமானால் தனி விண்ணப்பம். வெகுநாள் அங்கேயே போனவர் பெயர் இரண்டு பதிவேட்டிலும் இல்லாமல் நிற்பது உண்டு.

ரப்பர்த்தோட்டம்:
இன்னொண்ணு. இந்து ஆதிதிராவிடர் சான்றிதழ் வச்சிருக்கிறவங்க ஞானஸ்நானம் எடுக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சு எடுக்கணும். 1950ஆம் வருஷத்து ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை இந்து, சீக்கியர், பௌத்தர்களுக்குத்தான். கிறிஸ்தவராயிட்டா தமிழ்நாட்டுல பிற்படுத்தப்பட்டோர்ல வரும். "சான்றிதழை மாத்தாண்டாம், ஞானஸ்நானம் மட்டும் எடுங்க"ன்னு சொல்லுற போதகர் உங்களைக் கோர்ட்டுக்குத்தான் அனுப்புறார். அது சரியான சட்டமான்னு தனியா வாதாடலாம்; அது இருக்கிற வரைக்கும் மறைச்சு வச்சா வேலைக்கு ஆபத்து.

தாமிரபரணிக்கரை:
இந்த ஒரு விஷயத்தில் உங்களோடு முழு உடன்பாடு. விசுவாசத்தைப் பொய்க் கையெழுத்தோடு தொடங்கக் கூடாது.

புதுக்குடித்தனம்:
இப்போது வரிசை கேட்கலாமா? எதை முதலில் செய்வது?

கணக்குப்பிள்ளை:
சென்னையை விட்டுக் கிளம்புமுன் இரண்டு இடத்திலும் காகிதம்: கணவர் பக்கம் முழு விவரத்தோடு மாற்றுக் கடிதம், மனைவி பக்கம் புதுத் திருமுழுக்குச் சான்று. ஆறு மாதக் கணக்கு இருப்பதால் மனைவியின் சான்றைக் கடைசியாக எடுங்கள். இங்கே வந்ததும் கல்யாண விவகாரத்தைப் பங்கில் கேளுங்கள், அது தெளியும் வரை சின்னவளின் ஞானஸ்நானத்துக்குத் தேதி குறிக்க வேண்டாம். பாட்டி கூட்டத்துக்குப் போகட்டும், முழுக்குக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம், பெயர் மகனின் கடிதத்திலேயே வரட்டும். தாமிரபரணிக்கரை சொன்ன எட்டு வாரம் இதற்கு இடையில் தானாகவே ஓடிவிடும்.

வேளிமலை:
சின்னவளை எங்கே சேர்ப்பது என்பதைப் பெற்றோர் இருவரும் முன்பே பேசி முடிவெடுத்துவிட்டு அலுவலகத்துக்கு வாருங்கள். திருமணத்தைச் சரிசெய்யும்போது, பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாக மனைவி உறுதி கொடுக்க வேண்டும். கணவர் கையெழுத்துப் போட வேண்டாம், ஆனால் அந்த உறுதி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே வைத்து முதல்முறையாகக் கேட்டால் கூட்டம் அன்றோடு முடிந்துவிடும்.

முட்டம் கடற்கரை:
நவம்பர் 24லிருந்து டிசம்பர் 3 வரை கோட்டாறு சவேரியார் திருவிழா. அந்தப் பத்து நாளும் பேப்பர் வேலைக்குப் போகாதீங்க, சாமியார் யாரும் கையில கிடைக்கமாட்டாங்க. டிசம்பர் 3 மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அதுக்கப்புறம் கிறிஸ்மஸ் வேலை தொடங்கிரும். ஒண்ணா நவம்பர் பாதிக்குள்ள போங்க, இல்லன்னா ஜனவரி ரெண்டாம் வாரம்.